வயலுக்கு நடுவில் ஒரு கேட்டு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானியும் நித்யா மேரியும் எங்காவது நடக்கப் போவார்கள். பவானிக்குக் கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. மேரி அதே ஊரில் கணக்கு டீச்சர். சர்க்கரை இருக்கிறது, நடக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் டாக்டர் சொன்னார். முதலில் பீச்சில்தான் நடந்தார்கள். நாலு அடிக்கு ஒரு தெரிந்த முகம் வந்து நிறுத்திப் பேசியதில் பாதி நாள் நின்றுகொண்டே வீடு திரும்பினார்கள். அதற்கப்புறம்தான் தங்களை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து பஸ் ஏற ஆரம்பித்தார்கள்.

மார்கழி மாதம், இரண்டு நாளாக மழை விட்டிருந்தது. மேரி காலைப் பூசை முடித்து வந்ததும் கிளம்பி, சிதம்பரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு காட்டுமன்னார்கோயில் பஸ்ஸைப் பிடித்தார்கள். குமராட்சி தாண்டி ஒரு வாய்க்கால் பாலம் வந்தபோது, இங்கேயே இறங்கிவிடலாம் என்றாள் பவானி. வாய்க்கால் கரை நிழலாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

கரையோடு அரை மணி நேரம் நடந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சம்பா நெல் பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது. தூரத்தில் மரங்களுக்கு நடுவே பழைய மாடி வீடு ஒன்று தெரிந்தது. சுவரெல்லாம் கறுத்து, கைப்பிடிச் சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தது. அந்த வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில், நெல்லுக்குள்ளே, ஒரு கேட்டு நின்றது.

ஆளுயரத்துக்கு மேல் இரண்டு செங்கல் தூண்கள். அவற்றுக்கு நடுவில் இரண்டு இரும்புக் கதவுகள். பக்கத்தில் மதிலும் இல்லை, வேலியும் இல்லை. சுற்றிலும் பயிர்தான். ஒரு வரப்பு நேராகப் போய் கேட்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போனது.

சினிமாக்காரர்கள் போட்டுவிட்டுப் போன செட்டாக இருக்கும் என்றாள் பவானி. மேரி வரப்பில் இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்தாள். நிஜ இரும்பு. நீலப் பெயிண்ட் புதுசாக அடித்திருந்தது. தாழ்ப்பாளில் எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது. யாரோ இதை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் எதற்கு?

இருவரும் கேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றபோது, வாய்க்கால் பக்கமிருந்து ஒரு பெண் மண்வெட்டியோடு வந்தாள். அறுபது வயது இருக்கும். இவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்தாள். உள்ளே போனாள். திரும்பி நின்று கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். ஒரு அடி தள்ளி நடந்திருந்தால் தூணைச் சுற்றிக்கொண்டே போயிருக்கலாம்.

மேரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் பெயர் பட்டம்மாள். அந்த வயல் அவளுடையது. மாடி வீடு ஒரு மிராசுதார் குடும்பத்துடையது, அவர்கள் எல்லாரும் இப்போது சென்னையில். ஒரு காலத்தில் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் இந்தக் கேட்டு வழியாகத்தான் வண்டிப்பாதை போனது. குடும்பம் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றபோது பாதையும் வயலாகிப் போனது. பட்டம்மாளும் அவள் புருஷனும் வாங்கிய துண்டில் கேட்டும் சேர்ந்து வந்தது. அறுவடை மெஷின்காரர் வருஷா வருஷம் அதை இடிக்கச் சொல்லிச் சண்டை போடுகிறாராம்.

"எங்கம்மா இந்தப் பண்ணையில நடவாளு. நானும் பதிமூணு வயசுலேர்ந்து நட்டேன்" என்றாள் பட்டம்மாள். "ஆளுங்க யாரும் இந்த கேட்டு வழியா வரக்கூடாது. வாய்க்கால்ல எறங்கி, இடுப்பளவு தண்ணியில சுத்திக்கினுதான் வரணும். இப்ப நான் இதுலதான் வர்றேன், இதுலதான் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

அந்த வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா என்று பவானி கேட்டாள். இல்லை என்றாள் பட்டம்மாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற வைத்திலிங்கம் இவள் ஊர்க்காரன்தான், எத்தனையோ தடவை உள்ளே வா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான். அவளுக்குத்தான் தோன்றவில்லை. சற்று யோசித்துவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் மட்டும் உண்டு என்றாள்.

மிராசுதார் பகலெல்லாம் மாடி ஜன்னலில் நிற்பாராம். நடவில் குனிந்திருக்கிற முப்பது பெண்களில் யார் முதுகை நிமிர்த்தினாலும் சாயங்காலம் பெயர் சொல்லிக் கேட்பார். ஒரு நாளும் ஆள் மாறிச் சொன்னதில்லை. பைனாகுலர் வைத்திருக்கிறார் என்றார்கள் சிலர். ஏதோ மை போட்டுப் பார்க்கிறார் என்றார்கள் சிலர். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியுமா என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பார்த்துவிடலாமே என்றாள் மேரி. தான் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பதாகவும், மற்ற இருவரும் மாடிக்குப் போகலாம் என்றும் சொன்னாள். பட்டம்மாள் சிரித்தாள். மண்வெட்டியைத் தூணில் சாத்தினாள்.

வைத்திலிங்கம் முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பட்டம்மாளைப் பார்த்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய் முன்கதவைத் திறந்தார். உள்ளே வௌவால் நாற்றம். தேக்குத் தூண்களில் தூசு. பட்டம்மாள் எதையும் நின்று பார்க்கவில்லை, எந்த ரூம் என்று மட்டும் கேட்டாள். மரப்படிகள் இவ்வளவு குறுகலா என்று ஏறும்போது முணுமுணுத்தாள்.

ஜன்னலுக்கு எதிரே வயல் முழுவதும் விரிந்து கிடந்தது. நீலக் கேட்டு, பக்கத்தில் மேரி. பவானி போன் போட்டு, குனிந்து நட்டுக்கொண்டிருப்பது போல நின்றுவிட்டு நிமிரச் சொன்னாள். மேரி குனிந்தாள், நிமிர்ந்தாள். இரண்டு கையையும் ஆட்டினாள்.

பட்டம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உற்றுப் பார்த்தாள். பவானியும் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

"மொகம் தெரியல" என்றாள் பட்டம்மாள். "பொடவ கலருதான் தெரியுது."

பிறகு, பவானி கேட்காமலே சொன்னாள். "எனக்குப் பச்சை. எங்கம்மாவுக்குக் காவி. ஆளுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. வருஷம் பூரா அதான். பின்ன ஏன் தெரியாது?"

பட்டம்மாள் இன்னும் ஜன்னலிலேயே இருந்தாள். திடீரென்று அவள் பார்வை கேட்டைத் தாண்டி வடக்கு மூலைக்குப் போனது. அங்கே பயிர் ஒரு திட்டாக மஞ்சளடித்திருந்தது.

"அந்த மூலையில தண்ணி நிக்குது பாருங்க. கீழேர்ந்து தெரியவே இல்ல எனக்கு."

சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டாள். பவானி பின்னால் ஓட வேண்டியிருந்தது. கேட்டுத் தூணில் சாத்திய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பட்டம்மாள் மூலைக்குப் போனாள். நண்டு வளை சரிந்து வடிகால் அடைத்துக் கிடந்தது. அவள் வெட்ட வெட்ட, மேரியும் பவானியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றைக் கையால் அள்ளி வரப்பில் போட்டார்கள். கால் மணி நேரத்தில் தண்ணீர் சலசலவென்று வாய்க்காலுக்கு இறங்கியது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் பட்டம்மாள். பஸ் போய்விடும் என்று சொல்லி, கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள்.

பஸ்ஸில் மேரி நகத்தில் ஒட்டியிருந்த சேற்றை நோண்டிக்கொண்டே வந்தாள். சிதம்பரம் நெருங்கும்போது பவானி, என்ன யோசனை என்று கேட்டாள்.

"நீ போன் பண்ற வரைக்கும் நீங்க எந்த ஜன்னல்ல இருக்கீங்கன்னு தெரியல" என்றாள் மேரி. "மாடியில ஆறு ஜன்னல் இருக்கு. எதுலேர்ந்து என்னைப் பாக்குறீங்களோன்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே நின்னேன்."