போயிட்டு வர்றேன்

வைரமணி இறந்துபோனால் அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிடுகிறார். உயிர் பிரியும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடுவதுதான் காரணம். சொன்ன சொல் தவறாதவர். தூக்கிக்கொண்டு போனவர்கள் குளித்துத் தலை துவட்டுவதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். பிறகு கட்டிலில் படுத்து, விட்ட இடத்திலிருந்து மூச்சு வாங்கத் தொடங்குவார். பந்தல்காரர் பந்தலைப் பிரிப்பதையே நிறுத்திவிட்டார்.

இந்தத் தடவை அவர் முகம் வாடியிருந்தது.

"முடியல தெய்வானை. அங்க எனக்கு இடமெல்லாம் போட்டு வச்சிருக்காங்க. உக்காருற நேரத்துல, சொல்லிட்டு வந்தது ஞாபகம் வந்துருது."

தெய்வானை தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் ஒரு சண்டையில் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் தீபாவளிக்குத்தான் வந்தார். கைக்குழந்தை பூரணியின் தலையில் அவர் கையை வைத்து, இனி அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கியது அவள்தான்.

"நீதாம்மா விடணும்," என்றாள் பூரணி. அவளுக்கே இப்போது தலை நரைத்திருந்தது. "ஆபீஸ்ல இனிமே லீவு தரமாட்டாங்க. ஒரே அப்பாவுக்கு எத்தனை தடவைன்னு கேக்குறாங்க."

"சொல்லிட்டா வரவே மாட்டாரேடி."

"வந்து என்னத்தைக் கண்டாரு? இருமத்தான் வர்றாரு."

"காப்பியும் குடிச்சேன்," என்றார் வைரமணி.

தெய்வானை அவர் கையைத் தூக்கி மகள் தலையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள். சத்தியம் இறங்கியது. பூரணி கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "லேசா இருக்கு," என்றாள்.

வைரமணிக்கு அந்த வார்த்தை பழக்கம் விட்டுப்போயிருந்தது. "போ... போயி..." என்று இழுத்தார். தெய்வானை முறைத்தாள்.

"போறேன்."

"சரி, போங்க," என்றாள். நாக்கு நுனிவரை வந்த "வாங்க"வை விழுங்கிக்கொண்டாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பந்தல்காரர் வந்து கட்டுகளை அவிழ்த்தார். தெய்வானை வெகுநாளைக்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய சோற்றைப் பிசைந்தாள். பசித்தது.

விளக்கு வைத்த பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். வைரமணியின் தங்கை சுந்தரவல்லி. இறந்து பல வருஷமாகிறது.

"வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனேன் மதினி. பஸ்ஸே கிடைக்கல," என்று உள்ளே வந்தாள். "எதிர் பஸ்ல அண்ணனைப் பார்த்தேன். ஜன்னலோரமா நல்லாத் தூங்குறாரு. இருமலே இல்ல."

தெய்வானை இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.