இன்னும் ஒராள்

அசனார் மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது முகத்துவாரப் பக்கமிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டது. கைகழுவக்கூட நிற்காமல் எழுந்தார். அவருடைய மனைவி ஆயிஷா உம்மா சோற்றுக் கோப்பையை மூடிவைத்தாள். சங்கு ஊதினால் கடலில் யாரோ உயிருக்குத் தவிக்கிறார்கள் என்பது வாழைச்சேனைக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாரிக்காலத்தில், கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்க ஒரு வள்ளம் முகத்துவாரத்தில் அமிழ்ந்து போனது. அதற்குப் பிறகுதான் பள்ளிவாசல்காரரும் கோயில்காரரும் சேர்ந்து மரம் கொடுத்து, அகன்ற வயிற்றோடு ஒரு தோணி கட்டினார்கள். அதில் யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை. கூலியும் கிடையாது. சங்கு கேட்டால் பக்கத்தில் நிற்பவன் ஓடிவந்து துடுப்பைப் பிடிப்பான். சனங்கள் அதை உசிர்த்தோணி என்றார்கள். துடுப்புக்கு ஆள் மாறும், சுக்கானுக்கு எப்போதும் அசனார்தான்.

அன்று மணல்திட்டில் ஏறி இறுகிக் கிடந்தது வாகரையிலிருந்து வந்த வள்ளம். வெள்ளம் பாதையை மூடிவிட்டதால், வாழைச்சேனையில் ரயில் பிடித்து மட்டக்களப்புக்குப் போக நினைத்த சனங்கள் கடல்வழியாக வந்திருந்தார்கள். வாடைக்காற்று ஒவ்வொரு அலையையும் தூக்கி வள்ளத்தின்மேல் போட்டது. உசிர்த்தோணி பக்கத்தில் அணைந்தபோது, முன்துடுப்பில் இருந்த தங்கராசா வள்ளத்தின் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டார். கோயிலடியைச் சேர்ந்தவர். அசனாரோடு சண்டை பிடிக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை, அவர் இல்லாமல் கடலுக்குப் போனதுமில்லை.

"பொம்புளைகளும் புள்ளைகளும் முன்னுக்கு," என்று அசனார் கத்தினார்.

முதலில் வந்தவள் ஓர் இளம்பெண். பால்குடிப் பிள்ளையை முந்தானையால் நெஞ்சோடு கட்டியிருந்தாள். அவளுடைய புருசன் இரண்டு கைகளாலும் அவளைத் தாங்கித் தோணிக்குள் இறக்கினான். பிறகு கிழவிகள், பிள்ளைகள், காய்ச்சலில் நடுங்கிய ஒருவர் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். சுக்கானின் கனம் மாறுவதைக் கைதான் அசனாருக்குச் சொன்னது.

"போதும். இனி ஒராளும் ஏறப்படா."

"காக்கா, இவர் ஒராள்தான்," என்று அசனாரை அண்ணன்முறை வைத்து அழைத்துப் புருசனைக் காட்டினாள் அந்தப் பெண். "இன்னும் ஒராள ஏத்துங்க."

அசனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் வரப்போகும் அலையில் இருந்தது. "ஏலா மகள். உங்கள இறக்கிப்போட்டு மறுகா வாறன்."

தோணியின் விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய புருசன் தானாகவே கையை எடுத்தான். "நீ போ. காக்கா வருவார்தானே," என்றான்.

கரையில் அவர்களை இறக்கிய உடனேயே தோணி திரும்பியது. அதற்குள் காற்று இன்னும் மூர்க்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப அலை அவர்களைத் தூக்கிக் கரைப்பக்கமே எறிந்தது. தங்கராசாவின் துடுப்பு முறிந்தது. முறிந்த கட்டையாலேயே அவர் வலித்தார். அலையைக் கடந்து போனபோது அங்கே வள்ளம் இல்லை. மிதந்துவந்த பாய்மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த இருவரை மட்டும் இழுத்து ஏற்றினார்கள். வெளிச்சம் மங்கும்வரை தேடினார்கள்.

தோணி கரைதட்டியபோது அந்தப் பெண் தண்ணீருக்குள் வந்து நின்றாள். இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். எல்லோரும் இறங்கிய பிறகு, வெறும் தோணிக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.

அவள் பெயர் புஸ்பம். ஆயிஷா உம்மா அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து உடுப்பு மாற்றி, கஞ்சி கொடுத்தாள். கஞ்சி ஆறிப்போனது. அதிர்ச்சியில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது, பிள்ளை அழுது அழுது குரல் கம்மியது. பக்கத்து வீட்டு றமீஸா தன் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்து இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். புஸ்பம் சுவரைப் பார்த்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

புருசன் நல்லரத்தினம் கல்குடாப் பக்கக் கரையில் பிணமாக ஒதுங்கினான். வாகரையிலிருந்து உறவுக்காரர் சேற்றிலும் தண்ணீரிலும் நடந்து வந்து சேர்ந்தார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அசனார் தூரத்தில், தாழை மரங்களோடு ஒதுங்கி நின்றார். அந்த நாட்களில் அவருக்குத் தொழுகையும் தொழுகையாக இல்லை. நெற்றியை நிலத்தில் வைத்தால் கீழே தோணி ஆடியது. கிழவிகளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருந்தால், தண்ணீர் இறைக்க ஒருவனை நிறுத்தியிருந்தால் என்று அவனுக்கும் ஓர் இடம் தேடி மனம் ஆட்களை இடம் மாற்றி மாற்றி இருத்திப் பார்த்தது. சிலவேளை தோணி கரைக்கு வந்தது. சிலவேளை வரவில்லை.

வாகரைக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் புஸ்பம் முற்றத்தில் இருந்த அவரிடம் வந்தாள். தங்கராசாவும் அங்கே புதுத் துடுப்பொன்றைச் சீவிக்கொண்டிருந்தார்.

"காக்கா, அண்டைக்கு அவரையும் ஏத்தியிருந்தா தோணி கவிண்டிருக்குமா?"

தங்கராசாவின் கத்தி நின்றது.

"வாகரையில அவர்ர அம்மா இரிக்கா," என்றாள் அவள். "கேட்பா. நான் என்னெண்டு சொல்ல?"

"ஓம் மகள்," என்றார் அசனார். "கவிண்டிருக்கும்."

"அப்ப சரி காக்கா," என்று சொல்லி, பிள்ளையின் தலையைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"நல்ல வேலை செஞ்சாய் மச்சான்," என்றார் தங்கராசா மெதுவாக.

"நான் என்னத்தக் கண்டன் தங்கராசா? கவிழுமோ, கவிழாதோ, எனக்குத் தெரியா."

தங்கராசா மறுபடி சீவத் தொடங்கினார்.

பச்சைப்பிள்ளையோடு வெள்ளத்தில் நடக்க முடியாது என்று அசனாரே அவர்களை உசிர்த்தோணியில் கொண்டுபோக முன்வந்தார். காலையில் காற்று அடங்கியிருந்தது. கடல் துடைத்துவைத்த தாம்பாளம்போலக் கிடந்தது. புஸ்பம் ஏறினாள். அவளுடைய தமையன், நல்லரத்தினத்தின் சித்தப்பன்மார், மச்சான்மார், அவர்களுடைய மூட்டைகள், ஊருக்குப் போக வழியில்லாமல் நின்ற வேறு சிலர் என்று எல்லோரும் ஏறினார்கள். யாரையும் நிற்கச் சொல்ல அசனாருக்கு வாய் வரவில்லை. தோணி அன்றைக்கு இருந்ததைவிட நிறைந்துபோனது.

முகத்துவாரத்தைக் கடந்தபோது மணல்திட்டு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அதில் கொக்குகள் நின்றன. ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான். உறவுக்காரர்கள் எல்லோரும் திட்டையே பார்த்தார்கள்.

புஸ்பம் திட்டைப் பார்க்கவில்லை. தோணியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை இருந்த ஆட்களை ஒவ்வொருவராக எண்ணினாள். அன்றைக்குக் கடல் வேறு, இன்றைக்குக் கடல் வேறு என்று அசனார் சொல்லியிருக்கலாம். சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். பிறகு தோணியின் விளிம்புக்கு மேலால் கையை வெளியே விட்டு, மெல்ல மெல்லக் கை எட்டும்மட்டும் கீழே இறக்கினாள். அவளுடைய விரல்கள் தண்ணீரைத் தொடவில்லை.