பாதிக் கையொப்பம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் மறையீட்டுக் கணிதம், அதாவது ரகசியங்களைப் பூட்டும் கணக்கு, படித்தவர். பிளாக்செயின் என்ற, ஊரே பார்க்கக்கூடிய பேரேட்டில் ஏற்றாமலே, யாருக்கும் தெரியாமல் கிரிப்டோ நாணயம் அனுப்புவது எப்படி என்று இறங்கும்வரை விளக்கினார். நானும் புரிந்ததுபோல் தலையாட்டி வைத்தேன். தலையாட்டிய பாவத்துக்கு இந்தக் கதை.

2.

'நள்ளிரவு. திரையில் எண்கள் மழைபோல்—'

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

'தம்பி நிரல் எழுதுகிறவன். அக்கா, கணவர் வேலைக்குப் போனபின் ரகசியமாக மொழிபெயர்க்கிறவள்.'

இது தேவலை. தனியாக ஓர் அறை எடுத்துப் போய்விட வேண்டும் என்று அக்கா முன்பணம் சேர்க்கிறாள். அத்தானோ அவளுடைய வங்கிக் கணக்கைத் தினமும் மேய்கிறவர். [அவரை இன்னும் கெட்டவராக்கலாமா என்று யோசித்தேன். "உன் நல்லதுக்குத்தான் பாக்கறேன்" என்பார். அதுவே போதும்.]

3.

"அக்கா, உன் மொழிபெயர்ப்புக் காசு என் பேருக்கு வரட்டும். அதை உனக்கு அனுப்ப நமக்குள்ள ஒரு தனிக் கால்வாய் திறக்கறோம். திறந்ததும் மூடினதும் மட்டும்தான் பிளாக்செயின்ல ஏறும். நடுவுல எத்தனை தடவை பணம் வந்துச்சுன்னு ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது."

"திறந்தது மட்டும் ஏன் தெரியணும்?"

"அதையும் சாதாரணப் பரிமாற்றம் மாதிரி வேஷம் போட்டுட்டோம்க்கா."

"வேஷமா? கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு அதானேடா வேலை."

(கதாசிரியனுக்கு எல்லாம் தெரியும் என்பார்கள். அக்கா எவ்வளவு சேர்த்திருக்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை. தம்பி பூட்டிய லட்சணம் அப்படி. கேட்டால், "உங்களுக்கு எதுக்கு சார் அது?" என்கிறான். நான் பெற்றெடுத்த பாத்திரம்!)

4.

தம்பியின் அலுவலகத்தில் பூட்டுப் போடுகிறவர்களுக்கு ஓர் அறை, பொத்தானுக்கு நிறம் பார்க்கிறவர்களுக்கு அடுத்த அறை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அக்காவின் கைபேசியில் இருந்த பணச் செயலி அவர்கள் செய்ததுதான். அதன் புதிய பதிப்பில், பயனாளரின் மனமகிழ்ச்சிக்காக, நிறம் பார்க்கிறவர்கள் ஒரு வசதியைச் சேர்த்தார்கள்.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அலமாரிமேல் இருந்த அக்காவின் கைபேசி தேன் குரலில், தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது: "வாழ்த்துகள்! உங்கள் ரகசியப் பணம் வந்து சேர்ந்தது!"

சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். எழுதி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அத்தான் கை கழுவாமலே எழுந்தார். "என்ன பணம்?"

5.

முடிவு அ: "விளம்பரம்ங்க" என்கிறாள், அவர் நம்பிவிடுகிறார். [நானே நம்பவில்லை.]

முடிவு ஆ: பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி— [முன்பணம் தேறிவிட்டதா? எனக்குத்தான் தெரியாதே!]

இறங்கும்போது அந்த எதிர் இருக்கைக்காரர் ஒரு வித்தை சொன்னார்: "நான் பாதிக் கையொப்பம் போட்டுத் தருவேன். உங்கள் ரகசியத்தைச் சேர்த்தால்தான் அது முழுதாகும், உங்களுக்குப் பணமும் கிடைக்கும். மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் கையொப்பம். ஆனால் முழுதானதைப் பார்த்தவுடன் உங்கள் ரகசியம் என்னவென்று நான் கணக்குப் போட்டுவிடுவேன்." அன்று புரியாதது இதை எழுதும்போதுதான் புரிகிறது.

அக்கா வாயைத் திறந்துவிட்டாள். "அது வந்துங்க..."

இது நான் போட்ட பாதி. மீதியை நீங்கள் சொல்லுங்கள், வாசகரே. அத்தான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கொஞ்சமும் தடுமாறக் கூடாது.

அதற்குள் பொய் வந்துவிட்டதா? இவ்வளவு சரளமாக எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டது.