பத்துமணிப் பூவும் பல் டாக்டரும்

பலகையில் காலை ஒன்பது மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பல் டாக்டர் வருவதோ பதினொன்றுக்கு. அதுவரை வந்து குவிகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது வரவேற்பு மேஜைப் பெண்ணின் பாடு. "கிளம்பிட்டார், வந்துட்டே இருக்கார்" என்று வாய் கூசாமல் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. காலையில் டாக்டர் தூங்கிய நேரமெல்லாம் சாயங்காலம் அவள் தலையில்தான் விடியும். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

சொல்லிப் பார்த்தாள். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி என்று ஒரு நாள் வீட்டிலிருந்து இரண்டு தொட்டிகளைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள்.

"இது பத்துமணிப் பூ" என்று காத்திருந்தவர்களிடம் அப்பாவியாகச் சொன்னாள். "வெயில் ஏறினா பத்துக்கு டாண்ணு விரிஞ்சிடும். பேருக்கேத்த மாதிரி நடந்துக்கும்." பலகையைப் பற்றி மூச்சு விடவில்லை.

பத்துக்குப் பூ விரிந்தது. பதினொன்றுக்கு டாக்டர் வந்தார். வரிசை மொத்தமும் பூவைப் பார்த்தது, அப்புறம் அவரைப் பார்த்தது.

மனுஷன் அசரவில்லை. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. இனிமே பூ விரிஞ்சதும் ஒரு போன் போடுங்க, கிளம்பறேன்."

மறுநாள் பார்த்து வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லையென்றால் அந்தப் பூ கண்ணே திறக்காது. டாக்டரும் மத்தியானம் வரை திறக்க மாட்டார். எட்டு மணி தாண்டியதும் அவள் போனை எடுத்தாள்.

"டாக்டர், பூ எப்பவோ விரிஞ்சாச்சு!"

தூக்கக் கலக்கத்தில் கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒன்பதுக்கெல்லாம் அவர் ஓடி வந்து நின்றார். ஜன்னலோரம் ஒரு மொட்டுகூட அவிழவில்லை.

"எங்கேம்மா விரிஞ்சுது?"

அவள் அவசரமாக டோக்கன் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். விடிந்ததிலிருந்து கன்னம் வீங்கி முனகிக்கொண்டிருந்த பெரியவர்தான் சிரமப்பட்டு வாயைத் திறந்தார்.

"விரிஞ்சுதான் இருந்துச்சு டாக்டர். நேரத்துக்கு வந்த உங்களைப் பார்த்ததும் அதுக்கே சந்தேகம் வந்து மூடிக்கிச்சு."

பல்வலியை மறந்து எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் ஒரு கணம் முழித்தார். பிறகு தானும் சிரித்துவிட்டு, பெரியவரையே முதலில் உள்ளே கூப்பிட்டார்.

அன்று வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே அவள் வீட்டுக்கதவைத் தட்டினாள். சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்த மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னம்மா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"