வெள்ளைக் கோடு

பெரியவருக்குச் சந்தேகம் என்பது சாப்பாடு மாதிரி. வேளை தவறினால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அக்காவை இவர் கட்டினார், தங்கையைச் சின்னவர் கட்டினார். சகலைகள் இருவரும் சேர்ந்து கார் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் போட்டார்கள், ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சின்னவர் தும்மினால்கூட அதில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாகவே பெரியவருக்குப் பட்டது.

வீட்டில் மனைவி எச்சரித்திருந்தாள். "உங்க சந்தேகத்துல கடை போனா போகட்டும். என் தங்கச்சியும் நானும் பேச்சுவார்த்தை இல்லாம ஆனோம்னு வைங்க, இந்த வீட்டுல உங்களுக்குப் பச்சத்தண்ணி கெடைக்காது." அவளுக்கு இருப்பது அந்த ஒரு தங்கைதான்.

இப்போது வந்திருந்த பழைய கார் ஒரு பல் டாக்டரம்மாவுடையது. மீட்டரில் விளக்கு எரியவில்லை. அதை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் மீட்டருக்கு மேலே குடை பிடித்த மாதிரி நிற்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியாக வேண்டும். மூடியோடு சேர்த்தே வார்த்த ஐந்து கிளிப்புகள் அதைப் பிடித்திருந்தன. அத்தனை வருட வெயிலில் அவை சருகாகக் காய்ந்துவிட்டன. ஒன்று உடைந்தாலும் வேறு மூடி எங்கேயும் கிடைக்காது. அந்த மாதிரிக் காரைச் செய்வதையே நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகிறது.

"பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி நான் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பேன். நீங்க சும்மா பிடுங்கிறாதீங்க," என்று சிரித்தார் டாக்டரம்மா. கிளம்பும்போது மூடியை ஒரு தரம் தடவினார். "அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழட்டினா இதுமேலதான் வைப்பாரு. இது ஒண்ணு மட்டும் பத்திரம்."

வேலையைச் சின்னவர் எடுத்துக்கொண்டார். கையில் ஒரு துணிப்பை. காருக்குள் ஏறி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். உள்ளே ஏதோ 'உய்ங்' என்று இரைந்தது. பெரியவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"உள்ள என்னப்பா நடக்குது?"

"ஒண்ணுமில்லண்ணே, வேலைதான்," என்ற சின்னவர் பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

ஒண்ணுமில்லை என்று ஒருவன் சொன்னால் அங்கே ஒன்றல்ல, ஒன்பது இருக்கிறது என்பது பெரியவரின் கணக்கு. மாலையில் பார்த்தால் விளக்கு எரிந்தது, மூடி அதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பழைய பிளாஸ்டிக் ஒரு சத்தம்கூட இல்லாமல் கழன்று மாட்டிக்கொண்டதா? யாரிடம் கதை விடுகிறான்? உடைத்திருக்கிறான். உடைத்துவிட்டுக் கமுக்கமாக ஒட்டியிருக்கிறான். நாளைக்கு மூடி டாக்டரம்மா மடியில் விழும், கடையின் பெயர் நாறும்.

கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கையும் கழற்றி மாட்டும் வேலை பாக்கியிருந்ததால் கார் கடையிலேயே நின்றது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பெரியவர் தன் சாவியைப் போட்டுக் கடையைத் திறந்தார். குளிரில் விரல் மடங்கவில்லை. தட்டையான ஸ்குரூடிரைவரைத் துணியில் சுற்றி மூடியின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். ஐந்து கிளிப்பும் முழுசாக இருந்தன. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் எரிச்சல்பட்டார். உள்ளங்கையால் அழுத்தி மூடியை மாட்டிவிட்டு, இத்தனை சுத்தமாக இருப்பதே சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையும் நெம்பினார். இந்த முறை ஒரு கிளிப்பின் அடியில் நகக்கீறல் போல மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. "மாட்டினான்!" என்று வாய்விட்டே சொன்னார். உண்மையைச் சொன்னால், சொந்தச் சகலை தப்பு செய்தான் என்று தெரிந்ததில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். அன்று முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சின்னவரைப் பார்த்தார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கதவு வேலை பார்த்தார். அதே பை, அதே 'உய்ங்'.

கோடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க மூன்றாவது காலையும் நெம்பினார். 'டக்.'

உடைந்த கிளிப்பைக் காலடி விரிப்பில் துழாவி எடுத்து, பசை போட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. தோலோடு பிய்த்து எடுத்தார். மூடியை எப்படியோ பொருத்தியதும் மூச்சு வந்தது. கழற்றியது சின்னவர் என்று ஊருக்கே தெரியும், தன்னை யார் கேட்கப்போகிறார்கள்?

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். விளக்கு எரிவதைப் பார்த்து முகம் மலர்ந்தார். அப்பாவைப் போலவே தன் கண்ணாடியைக் கழற்றி மூடியின் மேல் வைத்தார். மூடி ஒரு பக்கம் எழும்பியது, கண்ணாடி வழுக்கி அவர் மடியில் விழுந்தது.

"இதை யாரு கழட்டினது?" என்று கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

உண்மையைச் சொல்லப் பெரியவருக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. அதுதான் மன்னிக்க முடியாதது. "தம்பிதாம்மா," என்றார்.

சின்னவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துணிப்பையிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு ஹேர் டிரையரை எடுத்தார். "வீட்டுல கேட்டு வாங்கிட்டு வந்தேன். போன தடவை வெந்நீர் வச்சு ஒரு பைப்பை எளக்கினதுக்கே டீ மாஸ்டர்னு பேரு வச்சீங்க. இதைப் பாத்தா பியூட்டி பார்லர்னு போர்டே மாட்டிருவீங்க. அதான் மறைச்சேன்."

கார்க் கண்ணாடிகளை ஏற்றி, மூடியின் ஓரமெல்லாம் சூடு காட்டினார். மூடி சத்தமில்லாமல் கைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தார். ஒட்டிய கிளிப் கழன்று விழுந்தது. இன்னும் இரண்டின் அடியில் வெள்ளைக் கோடு.

"சூடு காட்டி எடுத்தா இந்தக் கோடு விழாதும்மா. குளிருல நெம்பினா விழும், நெம்ப நெம்ப வளரும். நான் ஒரு தடவைதான் எடுத்தேன்."

டாக்டரம்மாவின் பார்வை பெரியவரின் கட்டைவிரலுக்குப் போனது. அதில் காய்ந்த பசை பொருக்குத் தட்டியிருந்தது. அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"நான்தான்," என்று மென்று விழுங்கினார் பெரியவர். "நீ உடைச்சுட்டு ஒட்டி வச்சிருக்கியோன்னு... சும்மா பாக்கத்தான் நெம்பினேன்."

"எத்தனை தடவைண்ணே?"

"தெனமும்."

சின்னவர் கோபப்படுவார் என்று காத்திருந்தார். அவரோ மூடியை மேஜைமேல் பதமாக வைத்தார். "அதை நெம்பிப் பாத்ததுக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

பிறகு வேலை நடந்தது. மெல்லிய செம்புக் கம்பியைச் சுடவைத்து, உடைந்த கிளிப்பின் அடியில் புதைத்துச் சின்னவர் இணைத்தார். பெரியவர் மூச்சுகூட விடாமல் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா மறுபடி கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நின்றது. சின்னவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனார்.

சின்னவர் கை கழுவிவிட்டு வந்து, தன் வளையத்திலிருந்து கடைச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இது எதுக்குப்பா?"

"இருக்கட்டும்ண்ணே. இனிமே நீங்களே தெறங்க, நீங்களே பூட்டுங்க. நீங்க இருக்கறப்போ மட்டும் நான் வந்து வேலை பாத்துட்டுப் போறேன். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"வீட்டுல... தங்கச்சிகிட்ட..."

"சொல்ல மாட்டேன். அக்காவும் தங்கச்சியும் நல்லாருக்கட்டும்."

பெரியவருக்கு அழுகை வந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்க நாலைந்து தரம் கை நீட்டினார். சின்னவர் பார்க்காதது போல ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டு, "வரேண்ணே," என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது பெரியவர் கையில் இரண்டு சாவிகளும் இருந்தன.