புகார் ஜன்னலில் நான்கு மாதங்கள்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இத்தனை வருடத்தில் ஒரு விபத்து கிடையாது. வண்டியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனாலும் டிப்போவில் அவரை ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியின் ஹாரனை அவர் அதிகம் தொடுவதில்லை, அவர் வாயே போதும். தாமதமாக ஏறுகிறவர், கதவருகில் நிற்கிறவர், பயண அட்டைக்காகப் பையைத் துழாவுகிறவர், யாரையும் விட்டுவைக்க மாட்டார்.

போன வருடம் ஆண்டுப் பரிசோதனையில் அவருக்கு இரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து என்று வந்தது. மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். மாத்திரை, அரைமணி நடை, உப்பு பாதி, பொரித்தது வேண்டாம், கோபம் வேண்டாம். அந்தக் காகிதத்தை அவர் மேஜைமேல் வைத்த விதம், மதிப்பெண் குறைந்த பள்ளிப் பிள்ளை மாதிரி இருந்தது.

“மூணு மாசம் என்ன வேலையாம்?” என்று கேட்டேன்.

“டிப்போவில புகார் ஜன்னல்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அங்க வர்றவங்க பாதிப் பேர் உங்களப் பத்தித்தானே சொல்ல வருவாங்க!”

“சிரி, சிரி. நல்லா சிரி” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, பேக்கிங் பிரிவு. அந்த மாதத்திலிருந்து மதிய ஷிப்ட் என்பதால் வீடு திரும்ப ஒன்பதாகிவிடும். அவர் ஐந்தரைக்கே வந்துவிடுவார். முன்பெல்லாம் அவர் சாப்பாடு என்பது இரண்டு டிரிப்புக்கு நடுவே நின்றுகொண்டே விழுங்குகிற பொரித்த பொட்டலமும் சர்க்கரை தூக்கலான டீயும்தான். இனி அது ஆகாது. “நானே சமைச்சிக்கிறேன்” என்றார். கல்யாணமாகி அன்றுவரை வெந்நீரைத் தவிர எதையும் அடுப்பில் வைத்தறியாத மனிதர்!

முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது, கேரட் வேகவே இல்லை. கல்லூரியில் படிக்கும் எங்கள் மகன் ஒரு வாய் போட்டுவிட்டு, “அப்பா, ஆஸ்பத்திரிச் சாப்பாடே தேவலாம்” என்றான். இப்போது வீடு அதிரப்போகிறது என்று கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் மூச்சை இழுத்து விட்டார். “நாளைக்கு நல்லா வரும்” என்றார். அவ்வளவுதான்.

நாளைக்கும் வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் போன பிறகுதான் வந்தது. உப்பு குறைந்தால் எலுமிச்சை பிழியலாம், மிளகு தட்டிப் போடலாம், பூண்டை வதக்கிச் சேர்க்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். வெங்காயத்தைச் சிறு தீயில் இருபது நிமிடம் வதக்கினால் தானாகவே இனிப்பு வந்துவிடும் என்று என்னிடம் வந்து சொன்னார், ஏதோ புதுக் கண்டம் கண்டுபிடித்தவர் மாதிரி. எனக்கு அது முப்பது வருடமாகத் தெரியும். சொல்லவில்லை. நிறுத்தத்தில் இரண்டு நொடி கூடுதலாக நிற்காதவர், வெங்காயத்துக்காக இருபது நிமிடம் நிற்கிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் முடிந்தபோதுதான் ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். முப்பது வயது இருக்குமாம், தையல்கடை வைத்திருப்பவள். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் தன் அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போக நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள். பெரியவர் கைத்தடி ஊன்றி நடக்கிறவர். படியில் ஒரு கால் வைத்ததுமே டிரைவர், “சீக்கிரம் ஏற முடியலன்னா வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே!” என்று கத்தியிருக்கிறார். பெரியவர் காலை எடுத்துவிட்டார். வண்டி போய்விட்டது.

“அன்னைலேருந்து அப்பா வெளியவே வர மாட்டேங்கிறார் சார். கண் ஆஸ்பத்திரிக்கும் போகல. கூப்பிட்டா, ‘நான் வீட்டுலயே இருக்க வேண்டியவன்’னு சொல்றார். கடைய விட்டுட்டு வர எனக்கு இன்னைக்குத்தான் முடிஞ்சது.”

தடம், தேதி, நேரம் எல்லாம் குறித்து வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எழுதினார். ‘ஓட்டுநர், தெரிந்தால்’ என்ற கட்டம் வந்ததும் தன் பணி எண்ணை எழுதினார்.

“பதிவேட்டப் பாக்காமலே எப்படி சார் தெரியுது?”

“அது நான்தாம்மா.”

அவள் முகம் இறுகிவிட்டதாம். “அப்போ நான் போனதும் இதக் கிழிச்சுப் போட்டுடுவீங்க.”

அவர் முத்திரை குத்தி, நகலை அவள் கையில் கொடுத்தார். பிறகு எழுந்து நின்று, “தப்புதாம்மா. என்னை மன்னிச்சிடுங்க” என்றார். அவள் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது மறுநாளைக்கு பீன்ஸ் நறுக்கியபடியே இதையெல்லாம் சொன்னார். எனக்குப் பதறியது. வண்டிக்குத் திரும்ப நான்கு வாரம்தான் பாக்கி. அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு மறந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“ஏங்க, இப்ப என்ன ஆகும்?”

“விசாரணை வரும். வரட்டும். அவரு கால எடுத்தத நான் கண்ணாடியில பாத்தேன். பாத்துட்டுத்தான் கதவ மூடினேன்.”

கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பாதி பீன்ஸை நான் நறுக்கினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைப் பார்த்து அப்படி ஒரு பெருமை எனக்கு வந்ததில்லை.

விசாரணை வந்தது. பணிப்பதிவில் எச்சரிக்கை ஏறியது, ஜன்னலில் இன்னும் ஒரு மாதம் கூடியது. மேலாளருக்கே ஆச்சரியம். “தன்மேல தானே புகார் எழுதின ஆள நான் சர்வீஸ்ல பாத்ததில்லைப்பா” என்றாராம்.

அதன்பின் என் வீட்டுக்காரர் தையல்கடைப் பெண்ணுக்கு போன் செய்து, வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். இரண்டு முறை முடியாது என்றாள். மூன்றாவது முறை, “ஞாயித்துக்கிழமை வாங்க” என்றாள். அன்று காலை ஆறு மணிக்கே எழுந்து காய்கறியும் பருப்பும் போட்டு சூப் வைத்தார். நானும் கூடப் போனேன்.

பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். ஒரு காலத்தில் வானொலி ரிப்பேர் செய்தவர். மேஜைமேல் பாதி திறந்த ஒரு வானொலிப் பெட்டி கிடந்தது. என் வீட்டுக்காரர் அவர் முன்னால் நின்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“அன்னைக்கு வண்டியில உங்களப் பாத்துக் கத்தினவன் நான்தாங்க.”

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “கத்தினதுகூடப் பரவால்ல. வண்டியில உக்காந்திருந்தவங்க எல்லாரும் என்னையே பாத்தாங்க.”

“ஆமாங்க. இனிமே நீங்க எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கிட்டு ஏறுங்க. நான் நிக்கிறேன்.”

அந்தப் பெண் கிண்ணம் எடுத்து வந்து சூப்பை ஊற்றினாள். பெரியவர் ஒரு கரண்டி குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“என்னய்யா, உப்பே இல்ல?”

“பிரஷருங்க. டாக்டர் பாதியாக் குறைக்கச் சொல்லிட்டார்.”

“உனக்குமா!” என்றவர், மகளைப் பார்த்து, “இவ கையில மாட்டிக்கிட்டு நான் படற பாட்டக் கேளு” என்று ஆரம்பித்தார். அப்புறம் இரண்டு பேரும் உப்பைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார்கள். கிண்ணம் காலியாயிற்று. கிளம்பும்போது அந்தப் பெண், பூண்டை எப்போது போட்டீர்கள் என்று கேட்டாள்.

நான்கு மாதம் முடிந்து மறுபரிசோதனை செய்தபோது நூற்றுமுப்பத்திரண்டுக்கு எண்பத்துநான்கு. டாக்டர் கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் வண்டி எடுத்த முதல் நாள் நான் லீவு போட்டேன். காலையில் மூன்றாவது நிறுத்தத்தில் ஏறி, அவருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன்.

அவர் ஒன்றும் மகானாகிவிடவில்லை. குறுக்கே வந்த லாரிக்காரனை ஒரு வார்த்தை சொன்னார், அது எல்லார் காதிலும் விழுந்தது. ஆனால் சந்தை நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு தள்ளுவண்டியையும் இழுத்துக்கொண்டு ஒரு தாய் ஓடி வந்தபோது, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பின்னால் இருந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. “பதட்டப்படாம ஏறும்மா” என்றார்.

என் பக்கத்திலிருந்த பெண், “பரவால்லையே, இந்த டிரைவர் பொறுமைசாலி போல” என்றாள்.

“என் வீட்டுக்காரர்தான்” என்றேன். “நல்லாவும் சமைப்பார்.”