இடிக்கு ஒரு முகம்

நாடகம் ஐந்து மணிக்கு. நாலு பத்துக்கு அரங்கத்துக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகிய ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஒலிக் கோப்புகளும் ஒரே சாம்பல் நிறக் காகிதப் படத்தோடு, அச்சில் வார்த்த மாதிரி நின்றன.

வீட்டில் அவை அப்படியா இருந்தன! மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து ஒவ்வொன்றுக்கும் ஐகான் ஒட்டியிருந்தார். குரைப்புக்கு நாய், மழைக்குக் குடை, கதவு தட்டலுக்குத் தம் வீட்டு வாசற்கதவின் போட்டோ. எந்தக் காட்சி, எத்தனை நொடி என்று கோப்புக்குக் கோப்பு குறிப்பு வேறு. பூமி தோன்றிய நாளிலிருந்து கோப்புகளுக்கு இப்படிச் சிங்காரம் செய்தவர் கிடையாது. பெயரை மட்டும் ரெக்கார்டர் கொடுத்தபடி 0001, 0002 என்றே விட்டுவிட்டார். "பேரு வைங்க" என்று மனைவி முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பேரு எதுக்கும்மா?" என்று சிரித்தவர் அவர்.

அவள் எழுதி, இயக்கி, நடிக்கும் முதல் நாடகம் இது. கடைசிக் காட்சியில் மகனுக்காக அவள் காத்திருக்க, கதவு தட்டப்பட வேண்டும். அங்கே நாய் குரைத்தால் அவள் மானம் கப்பலேறிவிடும்.

விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன் எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, எல்லாம் மொட்டையா நிக்குது?"

"ஐகானும் குறிப்பும் கோப்புக்குள்ள இல்லடா. வீட்டுக் கம்ப்யூட்டர் தனியா எழுதி வச்சிருக்கு. இதுல வெறும் சத்தந்தான் ஏறியிருக்கு."

"ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டுருவமா?"

"கேட்டு முடிக்கறதுக்குள்ள ஜனம் பேரன் பேத்தி எடுத்துரும்! வா, கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வந்துருவோம்."

வீடு இரண்டு தெரு தள்ளி. மூன்று படி ஏறினாலே முனகும் அவருடைய முழங்கால் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவர் ஓட, திரையைத் தலையில் வைத்துக்கொண்டு மச்சினன் பின்னால் ஓடினான். முந்தப் பார்த்த பஸ் ஒன்று தோற்றுப்போனது.

நாலு ஐம்பத்தேழு. சுவிட்சைத் தட்டியதும் நாய், குடை, ரயில், கதவு என்று திரை முழுக்கத் திருவிழா.

"மாமா! இடிக்கு எங்க அக்கா மூஞ்சியா?"

"வாய மூடு. வெளக்கப் போடு!"

கடைசிக் காட்சி வந்தது. மேடையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தம் வீட்டு வாசற்கதவைச் சொடுக்கினார்.

டொக். டொக். டொக்.

அவள் முகம் மலர்ந்து திரும்பினாள். எழுந்த கைதட்டலில் கூரை ஒரு சாண் உயர்ந்து இறங்கியது.

திரை விழுந்ததும் நேரே அவரிடம் ஓடி வந்தாள். "ஒவ்வொரு சத்தமும் டாண்ணு வந்துச்சுங்க!" என்றவள் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. "இடிக்கு யாரு இது?"

"அது... நீ கம்பீரமா இருக்கற போட்டோம்மா."

"நாளைக்குள்ள எல்லாத்துக்கும் பேரு இருக்கணும்."

மறுநாள் இருநூற்றுப் பதினொன்றுக்குப் பெயர் வைத்துவிட்டார். மிச்சமுள்ள ஒன்றுக்கு வைக்க இன்னும் துணிச்சல் வரவில்லை.